இரண்டாவது கல்

அவர் கல்லால் அடிப்பார். அவரைப் பற்றி எதைச் சொல்வதானாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மின்கம்பத்தில் ஏறி நிற்கும் ஆளைக் கீழே நின்றுகொண்டு கல்லால் அடிப்பார். சப்ஸ்டேஷன் யார்டில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் ஜல்லியில் கோழிமுட்டை அளவாகப் பார்த்துப் பொறுக்கி, காக்கி பேண்டின் இரண்டு பைகளிலும் போட்டுக்கொண்டுதான் லைனுக்குக் கிளம்புவார். கனம் தாங்காமல் பேண்ட் இடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார்.

முதல் கல் கெண்டைக்காலிலோ இடுப்பிலோ படும். குறி தப்பாது. தலைக்கு மட்டும் குறி வைக்க மாட்டார். இரண்டாவது கல் கையில் தயாராக இருக்கும். "எறங்குடா கீழ" என்பார். ஆள் இறங்கி, இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் அந்த இரண்டாவது கல்லைக் கீழே போடுவார். அது விழுகிற சத்தம் கேட்டால்தான் மற்றவர்கள் பீடி பற்றவைப்பார்கள்.

பிச்சாட்டூர் பக்கத்தில் ஒரு சப்ஸ்டேஷனில் நான் ஏ.இ.யாக, அதாவது உதவிப் பொறியாளராக, இருந்த கடைசி வருடங்களில் அவர் எனக்குக் கீழே லைன் இன்ஸ்பெக்டராக இருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விசாரணைக் காகிதத்தில் அந்தப் பெயரை என் கையால் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதுவே போதும்.

எங்கள் சப்ஸ்டேஷனுக்கு வானிலைக் கருவி வந்தது அப்போதுதான். யார்டின் மேற்கு மூலையில், திறந்த வெளியில், உயரமான இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் மூன்று சிறிய கிண்ணங்களைப் பொருத்தினார்கள். காற்றடித்தால் அவை சுற்றும். சுற்றுகிற வேகம் கண்ட்ரோல் ரூம் திரையில் எண்ணாக வரும். மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து சைரன் ஊதும். அப்போது எங்கள் எல்லைக்குள் எந்தக் கம்பத்திலும் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. மற்றவர்களுக்கு அது சுவரில் ஒட்டிய ஒரு காகிதம். அவருக்கு அப்படி இல்லை. முதல் நாள் அந்தக் குழாயின் அடியில் நின்று, கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாணா, கற்பூரம் கொண்டாரட்டா?" என்று கேட்டான் முனிரத்தினம். வரதய்யபாளையத்து ஆள். எங்கள் லைன்மேன்களில் ஏறுவதற்குக் கெட்டிக்காரன், வாயும் அதிகம்.

"கொண்டாடா. உன்ன அதுல தலகீழா கட்டிட்டு காட்டுறேன்."

கருவி வருவதற்கு முன்னால் எங்களுக்குக் காற்று போனில் வந்துகொண்டிருந்தது. திருப்பதியில் இன்று காற்று மிதம், வேலை செய்யலாம் என்று மேலிருந்து சொல்வார்கள். திருப்பதிக்கும் எங்களுக்கும் நடுவே மலை இருக்கிறது. அங்கே தூறல் போடும்போது இங்கே புழுதி பறக்கும். அப்படிச் சொன்ன ஒரு நாளில்தான் சத்தியவேடு லைனில் கம்பம் ஏறியிருந்த அவருடைய மச்சான், கம்பிமேல் பனைமரம் சாய்ந்து, கம்பம் ஒடிந்து விழுந்து இறந்தான். இதை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார், மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"வாய் நெறய மண்ணு சார். நான்தான் வெரல உட்டு எடுத்தேன். உசிரு கீதோ இல்லியோன்னு பாக்கிறேன், அவன் பல்லு என் வெரல கடிச்சிகினு கீது."

பிறகு சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

கண்ணால் பார்த்தே காற்றைச் சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "கண்ணுக்கு ஆசை கீது சார். சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போவலாம்னு ஆசை. ஆசைப்பட்டா காத்து கம்மியாத்தான் தெரியும். கிண்ணத்துக்கு இன்னா ஆசை? வூடா, பொண்டாட்டியா?" என்பார். லைனில் எங்கே நின்றாலும் ஆள் ஏறுவதற்கு முன்னால் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் வரும். "கிண்ணம் எவ்ளோ சொல்லுது?" எண்ணைக் கேட்காமல் ஒருவனையும் ஏற்ற மாட்டார். ஆள் மேலே இருக்கும்போது எண் நாற்பதைத் தொட்டுவிட்டால் அவர் கை பைக்குள் போய்விடும்.

அவரை நல்லவராகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கையால் ரத்தம் பார்க்காத லைன்மேன் எங்கள் செக்ஷனில் கிடையாது. ஒருவனுக்கு முழங்கை எலும்பில் கீறல் விழுந்தது. இனிக் கல்லை எடுக்காதீர்கள், போய்ப் பாருங்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். "கை ஒடிஞ்சா ஒட்டும் சார்" என்றார். போகவில்லை. அவர் கல்லெறிந்து இறக்கிய நாட்களில் பாதிக்கு மேல் ஒன்றும் நடக்காமலே காற்று ஓய்ந்துபோகும். ஆட்கள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மறுபடி ஏறுவார்கள். முனிரத்தினம் பேண்டைச் சுருட்டிக் காட்டுவான். "இந்தக் கால்ல மூணு தழும்பு கீது சார். ஒண்ணு நாய் கடிச்சது, ரெண்டு இவுரு. நாய்க்கு ஊசி போட்டாங்க. இவுருக்கு யாரு போடுறது?" இதற்கு அவர்கூடச் சிரித்தார்.

ஒரு மாம்பழ சீசனில், கூழ் பிழியும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆறு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் வெடித்து அவர்கள் லைன் நின்றிருந்தது. காற்று தணியாமல் அவர் யாரையும் ஏற்றவில்லை. கேட்டை மூடி அதன்மேல் சாய்ந்து நின்றார். தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. பிறகு அடித்தார்கள். நான் கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் நின்று போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன், வெளியே போகவில்லை. உதடு கிழிந்து, ரத்தத்தை ஜல்லியில் துப்பிவிட்டு, ஜன்னலுக்குள் தெரிந்த திரையை அவர்களுக்குக் கை நீட்டிக் காட்டினார்.

"நாப்பத்தாறு. நாப்பதுக்குக் கீழ வரட்டும், நானே ஏறுறேன். அதுவரிக்கும் அடிச்சிகினு இருங்க. உங்களுக்கும் பொழுது போவணுமில்ல?"

முக்கால் மணி நேரத்தில் எண் முப்பதுக்கு வந்தது. வீங்கிய உதட்டோடு அவரே ஏறிப் பீங்கானை மாற்றினார். அடித்தவர்களில் ஒருவன் கீழே நின்று கயிறு பிடித்தான்.

மேலிடத்தில் இதையெல்லாம் யாரும் ரசிக்கவில்லை. மாதக் கூட்டத்தில் மின்சாரம் அதிக நேரம் நின்ற செக்ஷன் எது என்று பார்ப்பார்கள். எங்கள் செக்ஷன்தான். "ஏமய்யா, காலி வீஸ்தே பனி ஆபேஸ்தாரா?" என்று கோட்டப் பொறியாளர் டி.இ. எல்லோர் முன்னாலும் தெலுங்கில் என்னைக் கேட்டார். காற்று வீசினால் வேலையை நிறுத்திவிடுவீர்களா என்று அர்த்தம். கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கு அப்போது ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. முப்பத்து மூன்று வருட வேலையில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி நான் நடந்துகொண்டதில்லை. அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரம் லைன் இன்ஸ்பெக்டர் தன் மகளின் பிரசவத்துக்காக நாயுடுபேட்டைக்கு லீவில் போயிருந்தார். யார்டில் புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்க இடம் ஒதுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதைக் காரணமாக எழுதி, மேற்கு மூலையிலிருந்த கிண்ணங்களைக் கழற்றி, கண்ட்ரோல் ரூமுக்குப் பின்னால், சுவருக்கும் வேப்பமரத்துக்கும் இடையே ஒரு குட்டைக் குழாயில் மாட்டச் சொன்னேன். 'தற்காலிகம்' என்று பதிவேட்டில் எழுதினேன். மேற்கே எவ்வளவு வீசினாலும் அந்தச் சந்தில் கிண்ணம் சோம்பேறித்தனமாகத்தான் சுற்றும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஆறு நாள் சைரன் ஊதவில்லை. ஷிப்டில் இருந்த ஆபரேட்டர்கள்கூட நிம்மதியாக இருந்தார்கள்.

ஏழாவது நாள், அக்கினி நட்சத்திர வெயில். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். ஏரிக்கரைக்குக் கீழே போகிற எங்கள் பெரிய லைனில் பீங்கான் வெடித்து இரண்டு மணி நேரமாக மின்சாரம் இல்லை. டி.இ. மூன்று முறை போன் செய்துவிட்டார். லைன் இன்ஸ்பெக்டர் நாயுடுபேட்டையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக ஏரிக்கரைக்குப் போய்விட்டிருந்தார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"சார், பேத்தி பொறந்துகீது. சாக்லேட்டு சாயங்காலம் தரேன். கிண்ணம் எவ்ளோ சொல்லுது?"

நான் ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். மேற்கே நகரி மலைப்பக்கம் வானம் செம்புழுதி நிறத்தில் இருந்தது. எதிர்க் கொல்லையில் பனை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று எங்களைத் தாண்டித்தான் ஏரிக்குப் போக வேண்டும். கிண்ணம் பழைய இடத்தில் இருந்திருந்தால் அந்த நேரம் சைரன் ஊதியிருக்கும். காற்று ஏரியைத் தொடுவதற்குள் ஆளை இறக்கவும் நேரம் இருந்திருக்கும். அவரோ கரையின் மறைவில் பள்ளத்தில் நின்றிருந்தார். அங்கே காற்று தெரியாது.

திரையைப் பார்த்தேன். பனையைப் பார்த்தேன். இரண்டில் எதைச் சொல்வது என்று தீர்மானிக்க எனக்குப் போதுமான நேரம் இருந்தது.

"இருபத்திரண்டு" என்றேன்.

"சரி சார். ஏத்திடுறேன்."

அதன்பின் அங்கே நடந்ததை இன்னொரு லைன்மேன் விசாரணையில் சொன்னான். முனிரத்தினம் பெல்ட்டை மாட்டியவன், கம்பத்தின் அடியிலேயே நின்றுவிட்டானாம்.

"வானத்த பாருணா. செவந்து கீது. செத்த நேரம் இருந்து பாக்கலாம்."

"இருபத்திரெண்டுதான்டா. இப்பதான் கேட்டேன்."

"கிண்ணமா ஏறப்போவுது? நான்தானணா ஏறணும்."

அவர் பைக்குள் கை விட்டார். அன்றைக்கு லீவிலிருந்து வந்தவர், பையில் கல் இல்லை. குனிந்து கரைக் கல்லில் ஒன்றை எடுத்து முனிரத்தினத்தின் காலடியில் எறிந்தார். "எத்தினி வாட்டி இதே கிண்ணத்தச் சொல்லி உன்ன எறக்கிகீறேன்? எறக்கும்போது கேட்ட இல்ல, ஏத்தும்போதும் கேளுடா."

முனிரத்தினம் திட்டிக்கொண்டே ஏறினான்.

அவன் உச்சிக்குப் போய்க் கயிறு கட்டிய நேரத்தில் காற்று கரையைத் தாண்டி வந்தது. இவர் கீழே நின்று 'எறங்குடா, எறங்குடா' என்று கத்தியிருக்கிறார். கல்லும் எறிந்திருக்கிறார். கல் காற்றில் திரும்பி அவர் பக்கமே விழுந்ததாம். கரைமேலிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தது. கம்பி இழுத்த இழுப்பில் சிமெண்ட் கம்பம் நடுவில் ஒடிந்தது. பெல்ட் அவனைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்திருந்ததால் அவனால் குதிக்கக்கூட முடியவில்லை. கம்பத்தோடு வந்து கரைக் கற்களின்மேல் விழுந்தான். முகம் கீழே, கம்பம் மேலே. இரண்டு பேர் சேர்ந்து கம்பத்தை நகர்த்திய பிறகு இவர் அவனைத் திருப்பி, வாயில் விரலை விட்டு மண்ணை எடுத்தாராம். எடுத்துக்கொண்டே இருந்தாராம். ஆம்புலன்ஸ் வந்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் காலை எங்கள் அலுவலக வாசலில் முனிரத்தினத்தின் சொந்தக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஓடவில்லை. தலையைக் காப்பாற்றக்கூடக் கையைத் தூக்கவில்லை. சட்டை கிழிந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. முனிரத்தினத்தின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவரைச் செருப்பால் அடித்தாள்.

"கல்லால அடிச்சி ஏத்தினியாமே? மாட்டையா ஓட்டுன?"

"இருபத்திரெண்டுன்னு காட்டிச்சிம்மா" என்றார். அது ஒன்றைத்தான் சொன்னார்.

"காட்டிச்சா? அது வந்து என் புள்ளைங்களுக்கு நைனாவா நிக்குமா?"

நான் கம்பிக் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். ஆபரேட்டர்கள் என் பின்னால் நின்றிருந்தார்கள். கிண்ணம் எங்கே இருக்கிறதென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. விபத்து நேரத்தில் காற்றின் வேகம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்ததாகக் கருவி காட்டியது. தயங்கிய ஊழியரை லைன் இன்ஸ்பெக்டர் கல்லெறிந்து ஏற்றினார். அதற்கு முன்பும் இப்படிச் செய்யும் வழக்கம் உள்ளவர். எச்சரித்திருக்கிறேன். நான்கும் உண்மை. அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஏன் சொல்லவில்லை? பயம். இதைவிட நல்ல சொல்லைத் தேட மாட்டேன்.

ஒருமுறை புத்தூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். "சார், கோச்சிக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அது இருபத்திரெண்டுதான சொல்லிச்சி? நான் காதுல தப்பா வாங்கலியே?"

"இல்லை. இருபத்திரண்டுதான்."

"அப்ப கிண்ணம் சரி. நான்தான் ஏதோ தப்பு பண்ணிகீறேன்" என்றார். அவர் கண்களைச் சுற்றிக் கருப்பாக இருந்தது. "தூங்கினா வெரல கடிக்கிறான் சார். இப்ப ரெண்டு பேரு."

நான் என் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

சஸ்பெண்ட் ஆகி மூன்று மாதம் கழித்து, தன் பெயரில் இருந்த கருவிகளை ஒப்படைக்க அவர் சப்ஸ்டேஷனுக்கு வந்தார். பெல்ட், கயிறு, ரப்பர் கையுறை எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வழக்கம்போல மேற்கு மூலையைப் பார்த்து அண்ணாந்தார். அங்கே குழாய் மட்டும் இருந்தது. கிண்ணங்கள் இல்லை. யார்டைச் சுற்றி நடந்தார். கட்டடத்துக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை.

நான் கண்ட்ரோல் ரூம் வாசல் படியில் நின்றிருந்தேன். மூன்று படி உயரம். அவர் திரும்பி வந்து பத்தடி தூரத்தில் நின்றார். குனிந்து ஜல்லியில் இரண்டு கல்லைப் பொறுக்கினார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னை சார் என்று தவிர வேறுவிதமாகக் கூப்பிட்டதில்லை.

முதல் கல் என் இடது புருவத்துக்கு மேலே பட்டது. தலைக்குக் குறி வைக்காதவர், அன்றைக்கு வைத்தார். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"எறங்குடா கீழ" என்றார்.

கத்தவில்லை. கம்பத்தின் உச்சியில் இருக்கிறவனுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார். இரண்டாவது கல் கையில் இருந்தது. நான் இறங்கியிருந்தால், மூன்று படி இறங்கி அந்த ஜல்லியில் காலை வைத்து, ஆபரேட்டர்கள் முன்னால் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அவர் அந்தக் கல்லைக் கீழே போட்டிருப்பார். எனக்கு அது அப்போதே தெரிந்தது. நான் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் அப்படியே நின்றார், கல்லும் கையுமாக. பிறகு கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து போனார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் கல்லெறிகிறவர் பேச்சை யார் கேட்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன். மறுநாளே கிண்ணங்களை மேற்கு மூலையில் பழையபடி மாட்டச் சொன்னேன். 'பணி முடிந்ததால் இடமாற்றம்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். இப்போது திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

போன ஆடியில் அவர் இறந்துவிட்டதாகப் பழைய ஆபரேட்டர் ஒருவன் போன் செய்தான். சாவுக்குப் போகத் துணிவில்லை. காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துப் போனேன். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார். மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் அந்த ஜல்லிக் கல் இருந்தது. தொட்டுத் தொட்டு வழவழப்பாகியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"எங்க போனாலும் சட்டப் பையில இதான் சார். சட்ட மாத்துனா எடுத்து மாத்திக்குவாரு. ஆஸ்பத்திரியிலகூட கையிலதான் வச்சிகினு இருந்தாரு. இன்னாத்துக்குய்யா இதுன்னா, 'ஒருத்தன் இன்னும் எறங்கல'ன்னுவாரு. யாரு சார் அது? உங்களுக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அந்தக் கல்லை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நல்ல மனிதர் ஞாபகமாகக் கேட்கிறார் என்று நினைத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

அன்றைக்குக் காற்று இருபத்திரண்டு அல்ல. எவ்வளவு என்று எனக்கும் தெரியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை நான் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தேன். முனிரத்தினத்தைக் கம்பத்தில் ஏற்றியது அவர் எறிந்த கல் அல்ல, நான் சொன்ன எண். இதைத்தான் படியில் இறங்கி நின்று சொல்லியிருக்க வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து வரதய்யபாளையத்துக்கு. முனிரத்தினத்தின் மனைவி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாளாம். செருப்பால் அடிப்பாளோ, கதவைச் சாத்துவாளோ தெரியாது. கல் என் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு வாசலிலும் சொல்லி முடித்த பிறகுதான் அதைக் கீழே போடுவேன்.